ஈட்டியும் தண்ணீர்ச் செம்பும்

எங்கள் வீட்டில் சண்டை நடந்ததே இல்லை. ஜெபம்தான் நடக்கும்.

இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்பேன். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்புறம் முழங்கால். அவர் ஜெபிப்பார். நானும் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டும். ஜெபம் அழகாகத்தான் ஆரம்பிக்கும். காலையில் கண் விழிக்கச் செய்த கிருபைக்கு ஸ்தோத்திரம், வேலைக்கு ஸ்தோத்திரம், சுகத்துக்கு ஸ்தோத்திரம். மிஷனரிகள், விதவைகள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று வரிசையாக எல்லோரும் வருவார்கள். கடைசியில் நான் வருவேன்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் இருக்கிற பெருமையின் ஆவியை முறித்துப்போடும். அடங்காத நாவைக் கட்டும். என் மனைவி தன் தகப்பன் வீட்டை மறந்து இந்த வீட்டில் மனம் பதிக்கக் கிருபை தாரும்."

அன்று மதியம் நான் அம்மாவுக்கு போன் பேசியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

முகத்துக்கு நேராகத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். பாளையங்கோட்டைக்காரிக்கு வாய் இல்லாமலா போகும்? ஆனால் ஒரு மனிதர் முழங்காலில் நின்று, கண்ணீரோடு, கடவுளிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லும்போது நான் எங்கே போய்ப் பதில் சொல்வது? ஜெபத்துக்கு நடுவே பேசக் கூடாது, கண்ணைத் திறக்கவும் கூடாது. இருட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒன்பது வருடம் கேட்டேன்.

அவர் என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அதுதான் பெரிய சிக்கலாகப் போனது. ஊருக்கு வந்து அத்தையிடம் லேசாக வாயைத் திறந்தபோது அவள் கேட்ட கேள்விகள் இவை: "குடிக்காரா? அடிக்காரா? வேற தொடுப்பு ஏதும் இருக்கா? பெறகு என்னட்டி உனக்கு?" மூன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. நாலாவது கேள்வி அவளிடம் இல்லை. என்னிடமும் அப்போது இல்லை.

என் ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் வாங்கும் சம்பளத்திலிருந்து பஸ்ஸுக்கு எண்ணித் தருவார். தக்காளி வாங்கினால் விலையை டைரியில் எழுத வேண்டும். பிடிக்காத ஏதோ ஒன்று நடந்துவிட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒரு தடவை இருபத்துமூன்று நாள். காலண்டரில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன், அதனால் கணக்கு தெரியும். அந்த இருபத்துமூன்று நாளும் இரவு ஜெபம் தவறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் பேசாதவர் என்னைப் பற்றி ஆண்டவரிடம் தினமும் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே அவரைப் போல ஆள் கிடைக்காது. பாடகர் குழுவில் முன்வரிசை. சாவு வீட்டில் பெட்டிக்குத் தோள் கொடுக்கும் முதல் ஆள். சபையில் வயதானவர்கள், "தங்கமான புள்ளை, நீ குடுத்து வச்சவம்மா" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்குப் போகும் வழியில், நான் சிரித்த சிரிப்பு ஏன் அவ்வளவு சத்தமாக இருந்தது என்ற விசாரணை ஆரம்பமாகும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், இருபத்துநாலு வயதுதான் இருக்கும், ஆசிரியர் அறையில் வைத்து, "அக்கா, இது டாக்ஸிக்கான உறவுக்கா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செல்போனில் எதையாவது படித்துவிட்டு வந்து சொல்லுகிறாள், கர்த்தருக்குள் நடந்த திருமணத்துக்கு இந்த வார்த்தையெல்லாம் பொருந்துமா என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. (ஆமாம், நானும் அதைத்தான் செய்தேன். தொற்றிக்கொள்ளும் போல.)

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்தது வேறு வழியாக. வேதத்தில் சங்கீதப் புத்தகத்தை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தபோது 55ஆம் சங்கீதம் வந்தது. "அவன் வாயின் சொற்கள் வெண்ணெயைப்போல மெதுவானவைகள், அவன் இருதயமோ யுத்தம், அவன் வார்த்தைகள் எண்ணெயிலும் மிருதுவானவைகள், ஆனாலும் அவைகள் உருவின பட்டயங்கள்." சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை கடந்துபோன வசனம். அன்று மேலே நகர முடியவில்லை. எழுதினவனை அடித்தது எதிரி இல்லை. அதையும் அவனே சொல்லுகிறான், சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், என் தோழனாகிய நீயே அவன் என்று. டாக்ஸிக் என்கிற வார்த்தை வேதத்தில் இல்லாமல் இருக்கலாம். வெண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் வைத்த கத்தியும் இருக்கிறது.

சரி, போதகரிடம் போனேன். பெயரும் ஊரும் வேண்டாம். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை. மூன்று வசனங்கள் கொடுத்தார். "மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்பது ஒன்று. "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று விவாகரத்தைப் பற்றி மல்கியாவில் வருவது இன்னொன்று. மூன்றாவது, ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்பது. "இது உன் சிலுவைம்மா, சுமந்துதான் ஆகணும்" என்று முடித்து, ஜெபம் செய்து அனுப்பினார். அந்த ஜெபத்திலும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

இந்த மூன்று வசனங்களையும் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வசனங்களின் மேல் இல்லை. அவற்றை நமக்குப் பாதியாக நறுக்கிக் கொடுத்தவர்கள் மேல்.

மல்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன் என்பது வரை எல்லோருக்கும் மனப்பாடம். அரைப்புள்ளிக்கு அப்புறம் என்ன வருகிறது என்று கேட்டுப்பாருங்கள். "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்." கொடுமை. அதே மூச்சில், அதே வசனத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் போனால், கர்த்தர் சாட்சியாய் நின்று கேட்பது பெண்ணை இல்லை. உன் இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணினாயே என்று ஆண்களைத்தான் கேட்கிறார். வெளியே போன பெண்ணை மடக்க இந்த வசனத்தை எடுக்கிறவர்கள், அது யாருக்கு எழுதின கடிதம் என்று மேல்விலாசம் பார்ப்பதில்லை.

எபேசியர் நிருபத்திலும் அதே கதைதான். கீழ்ப்படியுங்கள் என்பது 22ஆம் வசனம். அதற்கு மேலே 21இல், "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. கீழே 25இலிருந்து அதிகாரம் முடியும்வரை பெரும்பாலும் புருஷர்களுக்கான பாடம். எங்கள் கல்யாணத்தில் இந்தப் பகுதியைத்தான் வாசித்தார்கள். பட்டுச்சேலைக் கசகசப்பில் எனக்கும் 22 மட்டும்தான் காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழெழுபது தரம் வருவது மத்தேயு 18இல். அந்த அதிகாரத்திலேயே கொஞ்சம் முன்னால், குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து, சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு ஆயக்காரனைப்போல, அதாவது வெளியாளைப்போல, இருப்பானாக என்று இயேசு படிப்படியாகச் சொல்லுகிறார். நான் முதல் மூன்று படியும் ஏறிவிட்டேன். நாலாவது படிக்கு வரும்போது மட்டும் எல்லோரும் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

சிலுவை விஷயத்துக்கும் பதில் உண்டு. நாசரேத்தில் மலைச்சிகரத்திலிருந்து தள்ளப் பார்த்தபோது இயேசு நின்று விழவில்லை. அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார். ஆலயத்தில் கல் எடுத்தபோது மறைந்து வெளியே போனார். கடைசியில் சிலுவைக்குப் போனது அவரே முடிவு செய்து போனது. "நானே அதைக் கொடுக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். அடுத்தவர் ஆத்திரத்துக்குத் தோதாக நிற்பதற்குச் சிலுவை என்று பெயர் வைத்தது நாம்.

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அன்றைக்கு இவ்வளவு தெளிவு ஒன்றும் இல்லை. 2014 கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மூன்றாவது வாரம் அவர் வந்தார். முன்னறையில் அப்பாவின் காலடியில் முழங்கால் போட்டு அழுதார். அப்பா உடைந்துபோனார். நானும்தான். போனேன். ஐந்து மாதம் இருந்தேன். முதல் மாதம் தேன். இரண்டாம் மாதம் டைரி திரும்ப வந்தது. நான் வீட்டை விட்டுப் போன பாவத்துக்காக இரவு ஜெபத்தில் தனியாகப் பத்து நிமிடம் சேர்ந்தது. 2015 ஜூனில் மறுபடி பஸ் ஏறினேன். இந்தத் தடவை பிள்ளையின் பள்ளிப் பையும், என் சான்றிதழ்களும், ஒரு வெங்கலச் சட்டியும் கூட வந்தன. வெங்கலச் சட்டி எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கையில் அகப்பட்டது, எடுத்துக்கொண்டேன்.

அம்மா கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "சாப்டியா?" என்றாள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தேன். எழுப்பிச் சாப்பாடு கொடுத்தாள், மறுபடி படுத்தேன். இப்படியே நாலைந்து நாள். அக்கம்பக்கத்தில், எனக்கு ஏதோ பிடித்துவிட்டது, உபவாச ஜெபம் வைக்கலாம் என்று பேச்சு வந்ததாம். ஆச்சி அப்போது உயிரோடு இருந்தாள். அவள்தான், "எலியாவுக்கு என்ன உபவாசமா போட்டாரு ஆண்டவரு? அடையும் தண்ணியும்லா குடுத்தாரு. அவ தூங்கட்டும்ட்டி" என்று வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பினாள்.

நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகட்டும் என்று கேட்ட எலியாவுக்குக் கடவுள் முதலில் பிரசங்கம் வைக்கவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான் என்று இருக்கிறது. இரண்டாம் முறையும் தட்டி எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னார். கடவுள் பேசின மெல்லிய சத்தமெல்லாம் நாற்பது நாள் கழித்து.

தூக்கம் போதாது என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. தெருவில் ஒரு குறிப்பிட்ட பைக்கின் சத்தம் கேட்டால் கை நடுங்கும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத முடியாது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரையும் எழுதினார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பேசச் சொல்லி ஆலோசகரிடமும் அனுப்பினார். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டவர்களுக்கு, பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னதையும், அவரோடு கூடவே சுற்றியவர் லூக்கா என்கிற வைத்தியன் என்பதையும் சொல்வேன். சில பேர் அப்படியே நகர்ந்துவிடுவார்கள்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் சபைப் பெண்கள் பலருக்கு இது தெரியாது. நமக்குப் பொருந்துவது 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டம். வெள்ளைக்காரன் எழுதியது. 2001 வரை அதில் எழுதியிருந்தபடி, கணவனுக்கு மனைவியின் விபசாரம் என்ற ஒரே காரணம் போதும். மனைவி கேட்டால் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கொடுமை மட்டும் என்றால் போதாது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை வெட்டியது. 2001இல் நாடாளுமன்றம் திருத்தியது. கொடுமை தனிக் காரணமாக வந்தது அப்போதுதான், பரஸ்பர சம்மதத்தில் பிரிய 10ஏ பிரிவு வந்ததும் அப்போதுதான். அதிலும் இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும் என்றால், நமக்கு இரண்டு வருடம் என்று எழுதிவைத்தார்கள். ஏன் என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "கிறிஸ்தவங்களுக்குப் பொறுமை ஜாஸ்தின்னு நெனச்சிருப்பாங்க" என்றார்.

அவர் மேசையில் இன்னொரு சட்டத்தின் நகலும் இருந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவில் எது எது வன்முறை என்று எழுதியிருக்கிறது. உடலைத் துன்புறுத்துவது மட்டும் இல்லை. வார்த்தையால், மனத்தால், பணத்தால் துன்புறுத்துவதும். பணம் என்ற தலைப்பின் கீழ் வாசித்துக்கொண்டு போனேன். என் ஏடிஎம் கார்டும், டைரியும், தக்காளியும் அங்கே இருந்தன. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து யாரோ எங்கள் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. அத்தையிடம் இல்லாமல் போன நாலாவது கேள்வி அரசாங்கத்திடம் இருந்திருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். நான் பேசவில்லை, எனக்கு அந்த எண் தெரியாது. இதை வாசிக்கிற யாருக்காவது தெரிந்திருக்கட்டும்.

சபைக்குத் திரும்பிப் போனதுதான் கோர்ட்டைவிடக் கஷ்டம். நீதிபதி என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டவில்லை. ஆலயத்தில் ஆட்டினார்கள். பெண்கள் கூட்டத்தில் யாராவது ஒருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்காக ஜெபிச்சிட்டே இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் சேருவிய பாரு" என்பாள். நான் நன்றி சொல்லிவிட்டு, கைக்குட்டை எடுக்கிற சாக்கில் கையை உருவிக்கொள்வேன். உள்ளூர் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, மட்டும் வித்தியாசமாக இருந்தார்கள். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. முதல் ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தன் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். ஐயரம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் அப்புறம் யார் வந்து கேள்வி கேட்பது?

எங்கள் ஊரில் இந்தச் சபை எப்படி முளைத்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய சின்ன ஆலயம் ஒன்று இருக்கிறது. 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் என்கிற ஜெர்மன் மிஷனரி வந்து பிரதிஷ்டை செய்தது. பழைய ஆட்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை. உடன்கட்டை ஏறவிருந்தவளை ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரி காப்பாற்றிக் கூட்டிவந்தார் என்று சொல்லுவார்கள். கல்யாணம் ஆகாமல் அவரோடு வாழ்கிறாள் என்று சுவார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். 1780இல் எழுதின முதல் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். அவள் பெயர் அதில் இருக்கிறது. தப்பித்து வந்த ஒருத்தி, ஊர் வாய்க்கும் திருச்சபையின் தயக்கத்துக்கும் நடுவில் நின்ற ஒருத்தி, அவள் வைத்த கன்று இந்த ஆலமரம். அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் வீட்டை விட்டு வந்த பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்க்கிறோம்.

ஜெபம்தான் எனக்குக் கடைசியாகத் திரும்பி வந்தது. விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை மூடினால் அவர் குரல் கேட்டது. "பெருமையின் ஆவியை முறித்துப்போடும்." ஆராதனையில் எல்லோரும் தலை குனியும்போது நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு மேற்கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குற்ற உணர்ச்சி வேறு. ஆலோசகரிடம் சொன்னேன். அவர் கிறிஸ்தவர் இல்லை. "கண்ணத் தொறந்துகிட்டு கும்பிட்டா ஒங்க சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். லாசருவின் கல்லறை முன்னால் இயேசு கண்களை ஏறெடுத்துத்தான் ஜெபித்தார். சரி என்று, காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, கண்ணைத் திறந்துகொண்டு, பேச ஆரம்பித்தேன். முதலில் சண்டைதான் போட்டேன். ஒன்பது வருடமாக அவர் பக்கத்துப் புகாரை மட்டும் கேட்டீரே, என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரித்தீரா என்று. ஈரத்துணியை உதறுவதற்கும் அதற்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. மன்னிப்பெல்லாம் அப்போது வாயில் வரவில்லை. ஏதோ ஒரு காலையில், அவர் முட்டி வலிக்கு மருந்து போடுகிறாரோ என்னவோ என்று தானாக ஒரு நினைப்பு வந்தது. அதைத் துணியோடு துணியாகக் கொடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

சவுலும் தாவீதும் எனக்குப் புதிதாகத் தெரிய ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். ஞாயிறு பள்ளியில் படித்த கதைதான். சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருந்த தாவீதின் மேல் ஈட்டி எறிந்த ராஜா சவுல். எங்கேதி குகையில் தாவீது கொல்லாமல் விட்டதும், "என் குமாரனாகிய தாவீதே, இது உன்னுடைய சத்தமல்லவா" என்று சவுல் சத்தமிட்டு அழுகிறார். அந்த அழுகை பொய் என்று வேதம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அப்பாவின் காலடியில் விழுந்த கண்ணீரும் நிஜம்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் இரண்டே அதிகாரம் கழித்து அதே சவுல் மூவாயிரம் பேரோடு மறுபடி தேடி வருகிறார். தாவீது இராத்திரியில் பாளயத்துக்குள் புகுந்து, தூங்குகிறவரின் தலைமாட்டிலிருந்து ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு வருகிறான். அப்புறம் எங்கே போய் நிற்கிறான் தெரியுமா? நடுவே மிகுந்த தூரம் இருக்கத்தக்கதாக, எதிர்ப்பக்கத்து மலை உச்சியில். அங்கிருந்துதான் பேச்சே. சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்கிறார். தாவீது பழி பேசவில்லை, திட்டவில்லை. "இதோ, ராஜாவின் ஈட்டி இங்கே இருக்கிறது, வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து அதை வாங்கிக்கொண்டுபோகட்டும்" என்கிறான். எடுத்துக்கொண்டு கிட்டே போகவில்லை. திரும்பி வா என்றதற்குப் பதிலும் இல்லை. தாவீது தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினார் என்று அதிகாரம் முடிகிறது.

தாவீது என்னைவிடக் கெட்டிக்காரன். எங்கேதி அழுகைக்கே அவன் கூடப் போகவில்லை. நான் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று. தண்ணீர்ச் செம்பைத் திருப்பிக் கொடுத்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

2018இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் அவரிடமிருந்து நாலு பக்கக் கடிதம். நல்ல கையெழுத்து அவருக்கு. மனந்திரும்பிவிட்டதாகவும், சாட்சி சொல்லியதாகவும், கதவு திறந்தே இருப்பதாகவும் எழுதியிருந்தார். இரண்டு தடவை வாசித்தேன். கை நடுங்கவில்லை. கடைசிப் பக்கத்தில், கல்யாணத்தில் அவர் அம்மா போட்ட ரெட்டை வடச் சங்கிலியைப் பற்றி ஒரு வரி இருந்தது. அவர் தங்கைக்குக் கல்யாணம் கூடியிருக்கிறதாம். பதில் கடிதத்தில் தங்கைக்கு வாழ்த்து எழுதினேன். சங்கிலி பத்திரமாக இருக்கிறது, யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதினேன். கதவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அவர் சித்தப்பா மகன் வந்தான். கல்லூரி முடித்த பையன். வீட்டுக்கு வேண்டாம் என்று வேய்ந்தான்குளம் புதுப் பேருந்து நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். சங்கிலியைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பஞ்சு வைத்து, மேலே ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோனேன். அவன் டப்பாவைத் திறந்து பார்க்கக் கூச்சப்பட்டான். "பாத்துக்கோப்பா, நாளைக்கி ஒரு பேச்சு வரக் கூடாது" என்று நானே திறந்து காட்டினேன். எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தவன், கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "மைனி, அண்ணன் கேட்டுட்டு வரச் சொன்னாவ... என்ன சொல்லட்டும்?" என்றான்.

"டப்பாவ மடியிலயே வச்சுக்கோ. மேல வச்சிட்டுத் தூங்கிராத" என்றேன்.

அவன் பஸ் கிளம்பிய பிறகு டவுன் பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல வெயில், காற்று அடித்தது. பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டியவள். கண்டக்டர் வந்து, "டீச்சர், எங்க எறங்கணும் நீங்க?" என்று சத்தமாகக் கேட்டபோதுதான் கண் விழித்தேன். பஸ் சமாதானபுரம் தாண்டிவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். வெங்கலச் சட்டியில் மத்தியானம் பொங்கிய சோறு மிச்சம் இருந்தது.